காலாட்டியும் கடைசி நிறுத்தமும்

கடைசி நிறுத்தத்தின் நிழற்குடை தன் இடத்தைவிட்டு எழுந்து நகரத்துக்கு நடந்துபோன அன்று, அதன் பெஞ்சுக்கடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் எல்லாம் அங்கேயே கிடந்துவிட்டன. பயணிகளைக் கணக்கெடுப்பதற்காகப் போக்குவரத்துத் துறையிலிருந்து வந்த அதிகாரி, தரையில் இருந்த குழிகளையும் நடுவே கிடந்த செருப்புக் குவியலையும் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார், ஒரு ஈ காக்கை இல்லை. “இவ்விடத்தில் நிறுத்தம் ஏதும் இல்லை. பயணிகளும் இல்லை. செருப்புகள் உள்ளன” என்று எழுதிக்கொண்டு, வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனார். எழுதியதில் பொய் ஒன்றும் கிடையாது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் கண்ணில் படுவதற்காகத்தான் அந்தப் பகுதியே அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிழற்குடையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

அந்தப் பகுதி முளைத்து அதிக காலம் ஆகவில்லை. மனை விற்றவர்கள் பெரிய பலகையில் “நகரத்திலிருந்து பதினைந்தே நிமிடம்” என்று எழுதி வைத்திருந்தார்கள். எதில் போனால் பதினைந்து நிமிடம் என்று அவர்கள் எழுதவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. வீடு கட்டிக் குடிவந்த பிறகு தெருக்களுக்கு எண் வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, எங்கிருந்தோ நாய்களும் வந்து சேர்ந்தன. பேருந்து மட்டும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டி நிழற்குடையைத் திறந்து வைத்தார். நாலு இரும்புக் கால், தகரக் கூரை, நீளமான ஒரு பெஞ்சு. அன்றைக்கு மட்டும் பலூன் கட்டிய பேருந்துகள் வரிசையாக வந்து நின்றன. மறுநாளிலிருந்து ஒன்றே ஒன்றுதான். அது காலையில் ஒரு தடவை வந்து திரும்பும், சாயங்காலம் ஒரு தடவை வந்து திரும்பும். நடுவில் யாருக்காவது போகவேண்டியிருந்தால் கால் இருக்கிறது, நடக்கலாம் என்பது துறையின் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

இந்த ஒற்றைப் பேருந்தால் எல்லோரும் நாய் படாத பாடு பட்டார்கள் என்றாலும், பட்டதில் அதிகம் பட்டவர்கள் எட்டாம் தெருவிலிருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான். அவள் நகரத்துப் பெரிய மருத்துவமனையின் துணி அறையில் வேலை பார்த்தாள். வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை உதறி, மெஷினில் கொடுத்துத் தேய்த்து, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். அவளுக்குப் பகல் வேலை. அவள் புருஷனுக்கு ரொட்டி ஆலையில் அடுப்படியில் ராத்திரி வேலை. காலையில் அவரை ஏற்றிக்கொண்டு வரும் பேருந்து, திரும்பும்போது அவளை ஏற்றிக்கொண்டு போகும். சாயங்காலம் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு போகும். ஆக, இருவரும் சேர்ந்தாற்போல அந்தப் பகுதியில் இருப்பது என்பது, டிரைவர் ஒரு டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்புகிற நேரம் மட்டும்தான். முன்படியில் அவர் இறங்குவார், அவர் புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். அவள் வீட்டுச் சாவியை அவர் கையில் வைப்பாள். அவர் சூடு ஆறாத ஒரு பன்னை அவள் பையில் வைப்பார். வயிற்று வலி தேவலையா, கேஸ் வந்துவிட்டதா என்று கேட்டு முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். வாரத்தில் ஒரு நாள் இருவருக்கும் விடுமுறை உண்டு, ஆனால் வீட்டுக் கடன் இருந்ததால் அன்றைக்கும் கூடுதல் சம்பளத்துக்கு வேலைக்குப் போனார்கள். கல்யாணம் ஆகி நாலு வருஷம் இப்படியே போயிற்று. விசேஷம் ஒன்றும் இல்லையா என்று நாத்தனார் போனில் கேட்கும்போதெல்லாம், அதைப் போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வரும். சொல்லமாட்டாள்.

சொல்லாததெல்லாம் அவள் காலுக்குப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். முட்டியிலிருந்து பாதம் வரை, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பல் கிடுகிடுக்கும். காலை ஆட்டாதே என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், சின்னவர்கள் சிரித்துப் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்குக் காலாட்டி என்று பேர் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். அவள் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பேருந்து தாமதமாக வந்தால் டிரைவர் டீயைக்கூடக் குடிக்காமல் திருப்பிவிடுவார், சாவி கொடுக்கிற நேரமும் போய்விடும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. நாலு வருஷம் அவள் ஆட்டிய ஆட்டம் பெஞ்சுக்குள் இறங்கி, பெஞ்சிலிருந்து இரும்புக் கால்களுக்குள் இறங்கியது. காற்றே இல்லாத நாளிலும் நிழற்குடை லேசாக உதறுவதை மனு மாமா கவனித்து, அஸ்திவாரம் சரியில்லை என்று ஒரு மனு போட்டார்.

மனு மாமா இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மனு, அதிக நேரம் எரிந்தாலும் மனு. கூடுதல் பேருந்து கேட்டு அவர் எழுதியவற்றுக்கெல்லாம் துறை ஒரே பதிலைத்தான் அனுப்பியது. அதிகாரி நேரில் வந்து பார்த்தபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை என்பது அந்தப் பதில். அதிகாரி வருவது உச்சி வெயில் நேரத்தில். அப்போது எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது இந்தப் பேருந்தை நம்பிப் பயனில்லை என்று, வேறு வண்டி கிடைக்கிற பாலம் வரைக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். கடைசியில் மாமா கெஞ்சிக் கூத்தாடி அதிகாரி வரப்போகும் தேதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அன்றைக்கு அத்தனை பேரும் லீவு போட்டுவிட்டு நிழற்குடைக்கு வந்துவிட வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். அவளும் லீவு போட்டாள். வேலை முடிந்து வந்த புருஷன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அதிகாரி சீக்கிரம் வந்து எண்ணிவிட்டுப் போய்விட்டால், அந்தப் பகல் முழுவதும் அவள் வீட்டில் இருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் சேர்ந்தாற்போலக் கிடைக்கப்போகிற முதல் பகல். அதனால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல உட்கார்ந்திருந்தாள். கால் என்றைக்கும் இல்லாத ஆட்டம் ஆடியது. மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, சௌகரியமாக அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நிழற்குடையின் முன்கால் இரண்டும் மண்ணிலிருந்து வெளியே வந்தன, பிறகு பின்கால் இரண்டும். படுத்திருக்கும் மாடு எழுந்திருப்பதற்கு நேர் எதிரான முறை என்று ஒரு பால்காரர் பிறகு விளக்கினார். நிழற்குடை ஒரு தடவை மண்ணை உதறிக்கொண்டது. பிறகு, நாலு வருஷமாக எல்லோரும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே நடக்கத் தொடங்கியது. அதற்குத் தெரிந்த திசை அது ஒன்றுதான். ரோட்டில் போகாமல் காலி மனைகளைத் தாண்டி, வாய்க்காலில் இறங்கி ஏறி, குறுக்கே போனது. உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் கத்தினார்கள். பாதி வழியில் காற்று நன்றாக வருவதைக் கவனித்துக் கத்துவதை நிறுத்தினார்கள். பேருந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, மருத்துவமனை மதில் ஓரத்தில் போய் நின்றது. பள்ளிக்கூட டீச்சர், வந்தது வந்தோம் என்று லீவை ரத்து செய்துவிட்டு வெறுங்காலோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். காலாட்டி மட்டும் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து காலை ஆட்டினாள், அழுதாள். நிழற்குடை நாலு வருஷத்துக் களைப்போ என்னவோ, சாயங்காலம்தான் மறுபடி எழுந்தது. அவள் வீடு வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாவி ஜன்னல் விளிம்பில் இருந்தது, அவர் வேலைக்குப் போயிருந்தார்.

அதிகாரியின் குறிப்பு மேலிடத்துக்குப் போனதும், இல்லாத நிறுத்தத்துக்கு எதற்குப் பேருந்து என்று இருந்த ஒன்றையும் எடுத்துவிட்டார்கள். பகுதிவாசிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிழற்குடை தினமும் காலையில் போய் சாயங்காலம் திரும்பியது. டிக்கெட் கிடையாது, சில்லறைக்கு கண்டக்டரிடம் வாய்ச்சண்டை கிடையாது. செருப்பைத் தரையில் விடாமல் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு பாடத்தைத் தவிர அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஆனால் காலாட்டி உட்கார்ந்து காலை ஆட்டினால்தான் அது எழும். மற்றவர்களும் முயன்று பார்த்தார்கள். மளிகைக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட்டி, தொடை பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். அதன்பின் பகுதி முழுவதும் அவள் காலை விசாரிக்க ஆரம்பித்தது. தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மழை பெய்தால் வழுக்கிவிடாதே என்று வாசல் வரை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததற்கு, வேலைக்குப் போக முடியாத அத்தனை பேரும் வீட்டு முன்னால் வந்து நின்று, பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிக்கொண்டே நகராமல் நின்றார்கள்.

எல்லோரும் அவரவர் இடத்துக்கு நேரத்துக்குப் போய்வந்தார்கள், காலாட்டி வீட்டு இருவரைத் தவிர. பேருந்து நின்றுபோனதால் அவர் ஆலை வண்டியில் பாலம் வரை வந்து, அங்கிருந்து நடந்தார். காலையில் அவர் வீடு நோக்கி நடந்து வரும்போது நிழற்குடை எதிரே போகும். வழியில் நிற்க அதற்குப் பழக்கம் இல்லை. அவர் கூடவே ஓடிவந்து பன்னை எட்டிக் கொடுப்பார், அவள் சாவியை வீசுவாள். சாயங்காலமும் அப்படியே. முன்பு டிரைவர் டீ குடிக்கிற நேரமாவது இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. ஒரு நாள் சாவி வாய்க்காலில் விழுந்து, அவர் பாதிப் பகல் சேற்றில் துழாவிக்கொண்டிருந்தார். அந்த மாதம்தான் தலைமை நர்ஸம்மா அவளைக் கூப்பிட்டு, ஊழியர் விடுதியில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியாகியிருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள், மாதக் கடைசிக்குள் சொல் என்றார். அவள் அதை மறுநாள் ஓடுகிற ஓட்டத்தில் புருஷனிடம் கத்திச் சொன்னாள். அவர் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்துவிட்டு, “அங்கயே தங்கிடேன். நீயாவது நல்லா தூங்கு” என்றார். நியாயமான பேச்சுதான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டால், அதன்பிறகு புருஷன் பெண்டாட்டி என்பது பேச்சுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு விரிப்பு மடிக்கும்போது ஓரத்தோடு ஓரம் சேரவே இல்லை.

அவள் நேராக மனு மாமாவிடம் போய், பேருந்து கேட்டு இன்னொரு மனு போடச் சொன்னாள். மாமாவே கொஞ்சம் தயங்கினார். ஓசியில் போய்க்கொண்டிருப்பவர்கள் டிக்கெட் வாங்கவேண்டி வந்தால் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மனு எழுதாமல் இருப்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். எழுதினார். துறையும் பதில் போட்டது. நிறுத்தம் தன் இடத்தில் நிற்கவேண்டும், அதில் பயணிகள் இருக்கவேண்டும், இரண்டையும் அதிகாரி தன் கண்ணால் பார்த்தால் கூடுதல் பேருந்துகளைப் பரிசீலிக்கலாம் என்று. இந்தத் தடவை அதிகாரி காலையிலேயே வருகிறார், மாதக் கடைசிக்கு முந்தின நாள். மாமா இந்த விஷயத்தை அவளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் வராது, சொல்லாவிட்டால் வழக்கம்போல வேலைக்குப் போக வந்து உட்காருவார்கள் என்று கணக்குப் போட்டார். வாழ்நாளில் அவர் போட்டு பலித்த கணக்கு அது ஒன்றுதான்.

வந்து உட்கார்ந்தார்கள். செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பையைச் செருப்புக்கு எட்டாமல் மறு பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். அவள் வழக்கமான மூலையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அவள் காலையே பார்த்தார்கள்.

“கொஞ்சம் ஆட்டும்மா, நேரமாகுது” என்றார் டீச்சர்.

“இன்னிக்கு ஆட்ட மாட்டேன். பஸ்ஸுக்கு ஆள் எண்ண வர்றாங்க.”

“பஸ்ஸு எதுக்கு இப்போ? அதான் இது இருக்கே.”

“உங்களுக்கு இருக்கு” என்றாள் அவள். “எனக்கு எங்க இருக்கு? நாலு வருஷமா என் வீட்டுக்காரரை எதிர்ல வர்ற ஆளாத்தான் பார்க்கறேன். எந்தப் பக்கம் தலை சீவறாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

மளிகைக் கடைக்காரர் ஏதோ முனகினார். இறங்கி நடப்பதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். ஆட்ட மாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டாளே தவிர, கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. முட்டியைப் பிடித்தால் கணுக்கால் துடித்தது, கணுக்காலைப் பிடித்தால் விரல்கள் தாளம் போட்டன. ஜீப்பின் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. வரவில்லை என்றால் விடுதிக் கட்டில்தான் என்ற நினைப்பு வர வர, நடுக்கம் இடுப்புக்கு ஏறியது. கூரைத் தகரம் கடகடத்தது. முன்கால் ஒன்று குழியிலிருந்து ஒரு சாண் உயரம் மேலே வந்து, அந்தரத்தில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் பழைய கதைதான்.

அப்போதுதான் அவள் புருஷன் பாலத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். எதிரே நிழற்குடை வரக்காணோமே என்று வழியெல்லாம் பயந்து, வேகமாக வந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை, வியர்வையில் மாவு. என்ன ஏது என்று கேட்கவில்லை. தூக்கிய காலைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். டீச்சரை நகரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் அகலமான கையை எடுத்து அவள் முட்டிமேல் வைத்தார். கை அடுப்புச் சூட்டோடு இருந்தது.

“அமுக்காத. அமுக்கினா துள்ளும்” என்றார். “மாவு மாதிரிதான். கையை வெச்சுட்டுச் சும்மா இருக்கணும்.”

இருவரும் சும்மா இருந்தார்கள். அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தது கல்யாணத்தன்று மட்டும்தான், அன்றைக்கும் நடுவில் போட்டோக்காரர் வந்து நின்றிருந்தார். அவர் இடது பக்கம் வகிடு எடுத்துச் சீவுகிறார் என்பதை அவள் பார்த்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் ஒரு பழைய தீக்காயம் இருந்தது, அது எப்போது பட்டது என்று கேட்கவேண்டும் என்று நினைத்தாள். விசில் ஊதுவதற்கு யாரும் இல்லாததால் அவசரமில்லை, பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டாள். முதலில் விரல்கள் அடங்கின, பிறகு கணுக்கால், பிறகு முட்டி. அந்தரத்தில் நின்ற இரும்புக் கால் மெதுவாக இறங்கித் தன் குழியில் உட்கார்ந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பகுதியில் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை என்று மனு மாமா பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

ஜீப் வந்தது. அதே அதிகாரிதான். நாலு காலையும் தட்டிப் பார்த்தார், தலைகளை எண்ணினார், குனிந்து பெஞ்சுக்கடியில் பார்த்தார். இவர்கள் தினமும் இங்கேதான் இருப்பார்களா என்று கேட்டதற்கு, வேறு எங்கே சார் போகமுடியும் என்றார் மாமா. “நிறுத்தம் உள்ளது. பயணிகள் உள்ளனர். செருப்புகள் மடியில் உள்ளன” என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். போனதும் எல்லோரும் அவரவர் அலுவலகத்தில் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடி பாலத்துக்கு நடந்தார்கள். அவள் மறுநாள் தலைமை நர்ஸம்மாவிடம், கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பேருந்துகள் வர மழைக்காலம் ஆகிவிட்டது, ஆனால் வந்தன. ஒன்று போனால் இன்னொன்று வருகிற அளவுக்கு வந்தன. நிழற்குடையின் கால்களுக்கு சிமென்ட் போட்டு, பச்சை பெயின்ட் அடித்தார்கள். அது அதற்குப்பின் எங்கேயும் போனதில்லை. வண்டி வரத் தாமதமானால் மட்டும், சிமென்டையும் மீறி ஒரு காலைத் தரையில் லேசாகத் தட்டும். டிரைவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து நேரத்துக்கு வருவதால், துறை அதைச் சரிசெய்ய ஆள் அனுப்பவில்லை. மளிகைக் கடைக்காரர் இன்றைக்கும் டிக்கெட் வாங்கும்போது ஓசி சவாரிக் காலத்தைப் பற்றிப் பெருமூச்சு விடுவார். காலாட்டி முன்னதாகவே ஒரு வண்டியில் வீடு வந்து சேர்ந்தாள், அவள் புருஷன் பின்னால் வருகிற ஒரு வண்டியில் வேலைக்குப் போனார். நடுவில் முழுசாக ஒரு சாயங்காலம் அவர்களுக்கு மிஞ்சியது.

மிஞ்சியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. விசில் ஊதுவதற்குள் பேசிப் பழகிய வாய். கேஸ் வந்துவிட்டதா, வயிறு தேவலையா என்று இரண்டு வரியில் எல்லாம் தீர்ந்துபோய், கட்டிலில் அந்த ஓரம் அவரும் இந்த ஓரம் அவளுமாக, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவர் அடிக்கடி சட்டைப் பையில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் அவள், இத்தனை பாடும் இதற்குத்தானா என்று நினைத்தாள். நினைத்ததும் கண் கரித்தது. அப்புறம் எதையாவது கேட்டுவிடவேண்டும் என்று, “காதுக்குப் பின்னாடி அது என்னங்க காயம்?” என்று கேட்டாள். அவர், அது பெரிய கதை, உட்கார்ந்து சொல்ல வேண்டியது என்றார். உட்கார்ந்துதானே இருக்கோம் என்றாள் அவள். அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதற்றத்திலோ சந்தோஷத்திலோ அவள் வலது கால் ஆட ஆரம்பித்தது.

கட்டில் ஒரு தடவை முனகியது. பிறகு ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தது, அடுத்த காலையும் வைத்தது. சுவரைவிட்டு நகர்ந்து, திறந்திருந்த கதவை நோக்கித் திரும்பியது. அவள் முட்டியைப் பிடிக்கப் போனாள். அவர், வேண்டாம் விடு என்பதுபோல அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்புகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காயத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.